எழுப்பாத வீடு

எங்கள் வரிசையில் பகலில் யாரும் குரலை உயர்த்திப் பேச மாட்டோம். வேடசந்தூரிலிருந்து எரியோட்டுக்குப் போகிற ரோட்டில், முருங்கைத் தோட்டத்தை ஒட்டிப் பிரிகிற மண்பாதையில் பதினாலு வீடு. எல்லாம் மில்லுக்குப் போகிற குடும்பம். எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் நாலு வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். நடுராத்திரி வரை அரை நைட் முடித்து வந்தவர், விடியும் வரை முழு நைட் முடித்து வந்தவர், இன்றைக்கு முழு நைட் போகப் போகிறவர். மைக் வைத்துக் காய்கறி விற்கிற வண்டிக்காரன்கூட எங்கள் வேப்பமரத்துக்கு வந்ததும் மைக்கை அமர்த்திவிட்டு வாயை மூடிக்கொண்டு போவான். புதிதாக வந்த ஐஸ்காரன் ஒருவன் மணியடித்தபோது நான் விளக்குமாறோடு பாய்ந்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் மூக்காயி. ஊரில் எனக்கு வாய் பெரிது என்று பெயர். அந்த வாயையும் பகலில் மூடித்தான் வைத்திருப்பேன்.

இதை நாங்கள் வீம்புக்குச் செய்யவில்லை. நானே பதினெட்டு வருடம் ஸ்பின்னிங்கில் நின்றவள். பஞ்சுத்தூசி நெஞ்சில் ஏறி, இருமல் நிற்காமல்தான் மில்லை விட்டு, ஆட்களை ஏற்ற மில் வண்டி வந்து நிற்கிற இடத்தில் பணியாரக் கடை போட்டேன். தூக்கம் கெட்டவளுக்கு மிஷின் ஓடுவது தெரியும், தன் கை எங்கே இருக்கிறது என்பது தெரியாது. மூன்றாவது வீட்டு நல்லுசாமிக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. அந்த விரல் போன அன்றைக்குப் பகலில் பக்கத்தில் ஒரு காதுகுத்து, ரேடியோ செட்டு கட்டியிருந்தார்கள், மனுசன் பொட்டுக்கூடக் கண்ணை மூடவில்லை. அதிலிருந்து எங்கள் வரிசையில் தூங்குகிற ஆளை எழுப்புவது பாவம். சாவுச் செய்தி வந்தாலும் ஷிப்டுக்கு எழுப்புகிற நேரத்தில்தான் சொல்லுவோம். எழுப்புவதற்கும் ஒரு முறை உண்டு. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, தோளைப் பிடித்து உலுக்கக் கூடாது, கால் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக அழுத்த வேண்டும். கட்டைவிரலைத் தொட்டால் மில் வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

என் வீட்டுக்கும் பாண்டியராஜ் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் மில்லில் ஃபிட்டர். அவன் சம்சாரம் நாகஜோதிக்கு ஸ்பின்னிங்கில் வேலை. ஒருவருக்குப் பகல் ஷிப்டு என்றால் மற்றவருக்கு நைட். பிள்ளை ராத்திரியில் தனியாக இருக்கக் கூடாதென்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கிய ஏற்பாடு. ஒரே மகள், காளீஸ்வரி. ப்ளஸ் டூ படிக்கிறாள். என்னைப் பெரியம்மா என்பாள். சின்னவளாக இருந்தபோது டிவியில் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள், சிரிப்புக்கும் சத்தம் இருக்காது. பாவி மகளே, என்ன சமத்து என்று நான் நெட்டி முறித்திருக்கிறேன்.

போன ஆனி மாசத்திலிருந்து அவள் படுக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பாய், லீவு நாளில் விடிந்தால் பாய். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள். முதலில் தலைவலி என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. தலை சீவுவதை விட்டாள். நான் கம்பங்கூழுக்கு மோர்மிளகாய் வறுத்தால் வாசம் பிடித்து ஓடிவருகிறவள், தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாலும் மூடியது மூடியபடி கிடந்தது.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேளுங்கள். தூங்கவிட்டோம்.

“படிப்பு ஜாஸ்திக்கா, அசந்து போறா. தூங்கட்டும்,” என்பாள் நாகஜோதி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் பூனை மாதிரி உள்ளே போவான் பாண்டியராஜ். பாத்திரத்தைத் தரையில் வைத்தால் சத்தம் வருமென்று துணியை விரித்து அதன்மேல் வைப்பாள் நாகஜோதி. எங்களுக்குத் தெரிந்த பெரிய அன்பு அதுதான். மகள்மேல் இருந்த பிரியத்தையெல்லாம் சத்தம் போடாமல் நடந்து நடந்தே காட்டினார்கள்.

ஒருநாள் முருங்கைக்கீரை கொடுக்கப் போனேன். பிள்ளைக்குக் கண் திறந்திருந்தது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலடி கேட்டு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ‘என்னடி ஆத்தா, என்ன செய்யுது’ என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? கேட்கவில்லை. கீரையை வைத்துவிட்டு அடிமேல் அடி வைத்துத் திரும்பி வந்துவிட்டேன். பெரிய வாய்க்காரியாம்!

காலாண்டுப் பரீட்சை நடந்த வாரத்தில் ஒருநாள் பதினோரு மணிவாக்கில் ரோசலின் டீச்சர் என் கடைக்கு முன்னால் வந்து வண்டியை நிறுத்தினார். காளீஸ்வரிக்குக் கெமிஸ்ட்ரி எடுப்பவர். வெயிலில் முகம் கன்றிப் போயிருந்தது.

“காளீஸ்வரி வீடு எதும்மா?”

“இந்தா, எங்க பக்கத்து வீடுதான் டீச்சர். அவுக அப்பா பகல் ஷிப்டு. அம்மா தூங்குறா. மூணரைக்கு வாங்களேன்.”

“எழுப்புங்க.”

“முழு நைட்டு பாத்துட்டு வந்துருக்கா டீச்சர்...”

டீச்சர் பையிலிருந்து ஒரு பரீட்சைத் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், அடியில், நல்ல அழகான கையெழுத்தில் இரண்டு வரி. ‘எல்லாரும் தூங்கினப்புறம் போயிடலாம்னு இருக்கு. எங்க வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல தூங்கினதே இல்ல.’

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கே போகிறாள் என்று டீச்சர் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் விளங்கியது. பணியாரக் குழி அடுப்பில் கருகுகிற வாடை வந்தது, இறக்கி வைக்கக் கை வரவில்லை.

“புள்ள எங்க டீச்சர்?”

“ஸ்டாஃப் ரூம்ல உக்கார வச்சிருக்கேன். அனிஷா மிஸ் கூட இருக்காங்க. தனியா விடல. நீங்க அம்மாவை எழுப்புங்க.”

அப்போதும் என்னால் எழுப்ப முடியவில்லை, நம்புவீர்களா? வாசலில் நின்று கையைப் பிசைந்தேன். டீச்சர்தான் உள்ளே போய், “நாகஜோதி! நாகஜோதி, எந்திரிங்க!” என்று கூப்பிட்டார். அந்தச் சத்தத்தில் நாலு வீடு தள்ளி ஒரு கதவு திறந்து, “யாருய்யா அது?” என்று அதட்டியது.

திண்டுக்கல்லில் டாக்டர் பார்த்தார். டிப்ரஷன் என்றார், மனச்சோர்வு. மாத்திரை எழுதினார். வேலை செய்ய வாரக்கணக்கு ஆகும், பொறுமை வேண்டும் என்றார். அதோடு விடவில்லை. வாரா வாரம் வியாழக்கிழமை வீட்டில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து வரவேண்டும், கவுன்சலர் ஒருத்தர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவார் என்றார். பாண்டியராஜுக்கு அது பிடிக்கவில்லை. கவுன்சலர் ஷாஹினா மேடம் அறையில் நுழைந்ததுமே அவன் நின்றபடி கேட்டான்.

“சீக்கு அவளுக்கு. நாங்க எதுக்கு மேடம்?”

“சீக்கு அவளுக்குத்தாண்ணே. ஆனா அவ இருக்குறது உங்க வீட்லல்ல? உக்காருங்க,” என்றார் அந்த அம்மா. முப்பத்தைந்து வயசு இருக்கும். தலையில் முக்காடு, கையில் ஒரு பழைய டைரி. “நீங்க ரெண்டு பேரும் மில்லுக்குப் போயிட்டா பிள்ளைய யாரு பாத்துக்குவா?”

நாகஜோதி என்னைக் காட்டினாள். துணைக்கு வந்தவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். “அப்ப அவங்களும் உள்ள வரட்டும்,” என்றார். இப்படித்தான் நான் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் வியாழக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னோம். முக்கால் மணி நேரம் போன பிறகு ஷாஹினா மேடம் பேனாவை வைத்துவிட்டு, “ஒண்ணு கேக்கட்டுமா? ஏன் நாலு பேரும் இப்படிக் குசுகுசுன்னே பேசுறீங்க? இங்க யாரும் தூங்கலையே,” என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பிள்ளையின் உதட்டோரத்தில் ஒரு நொடி சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. மூன்று மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன்.

வியாழக்கிழமை பஸ் பயணத்தைச் சொல்ல வேண்டும். பாண்டியராஜ் அன்றைக்கு லீவு போட்டுவிடுவான். நாகஜோதி முழு நைட் பார்த்துவிட்டு, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, அப்படியே பஸ் ஏறுவாள். எரியோடு தாண்டியதுமே மகள் தோளில் சாய்ந்து உறங்கிவிடுவாள். வடமதுரையில் ஆட்கள் ஏறி இடித்துக்கொண்டு நிற்பார்கள், டிரைவர் பள்ளத்தில் இறக்குவான், மலைக்கோட்டைப் பாறை கண்ணில் பட்டு திண்டுக்கல் வரும்வரை அந்தப் பிள்ளை தோளை அசைக்கவே மாட்டாள். ஒரு நாள் தோளுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் கையை வைத்து அம்மா தலை இடிக்காமல் பிடித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது கை மரத்துப்போய் மடக்க முடியவில்லை. தான் இருக்க வேண்டாம் என்று நினைக்கிற பிள்ளை, அம்மா தூக்கம் கெடக் கூடாதென்று கையை முட்டுக் கொடுக்கிறாள். எனக்கு நாகஜோதியை அந்த இடத்திலேயே நாலு சாத்து சாத்தலாமா என்றிருந்தது, அவள் முகத்தைப் பார்த்தால் அதற்கும் மனசு வரவில்லை.

மூன்றாவது வியாழன். ஷாஹினா மேடம் நாகஜோதியைப் பார்த்துக் கேட்டார். “காளீஸ்வரி சின்னப் பிள்ளைல எப்படிம்மா இருப்பா?”

நாகஜோதி முகம் விரிந்தது. அந்த அறைக்குள் அவள் முகம் அப்படி ஆனது அன்றுதான்.

“தங்கம் மேடம். ஒரு தொந்தரவு கெடையாது. எட்டு வயசுல, இந்தா இந்த அக்கா வீட்டு முருங்கையில ஏறி, கொப்பு ஒடிஞ்சு விழுந்துருச்சு. கை ஒடிஞ்சு போச்சு. நான் முழு நைட்டு பாத்துட்டு வந்து படுத்துருக்கேன். வேற புள்ளையா இருந்தா ஊரக் கூட்டியிருக்கும். இது சத்தம் காட்டாம வந்து, ஏம் பாய்க்குப் பக்கத்துல, கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. விழுந்தது பதினோரு மணிக்கு. நான் மூணரைக்கு எந்திரிச்சுப் பாக்குறேன், கை இம்புட்டுத் தண்டி வீங்கிக் கெடக்கு. எம்புட்டு நேரமாடி உக்காந்துருக்கன்னு பதறிப்போயிக் கேட்டா, ‘செத்த நேரந்தாம்மா’ங்குது. எட்டு வயசு மேடம்! மில்லுல இன்னைக்கும் சொல்லுவேன். எம் மக மாதிரிப் பொறுப்பு யாருக்கு வரும்?”

சொல்லி முடித்துவிட்டுப் பெருமையோடு எங்களைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டினேன். ஒன்பது வருடமாக நானும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறவள்தானே. கடையில் சிணுங்குகிற பிள்ளைகளிடம், ‘காளீசைப் பாருங்கடா, கை ஒடிஞ்சும் வாயத் தொறக்கல’ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஷாஹினா மேடம் ஒன்றும் எழுதவில்லை. டைரியை மூடிவிட்டுப் பிள்ளை பக்கம் திரும்பினார்.

“காளீஸ்வரி,” என்றார். “அன்னைக்கு அம்மா பக்கத்துல உக்காந்துருந்தப்ப என்னம்மா நெனச்சுக்கிட்டு இருந்த?”

பிள்ளை குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். நாட்டு வைத்தியர் கட்டுப்போட்ட கை, முழங்கைக்குக் கீழே இன்னும் லேசாக வளைந்திருக்கும்.

“அம்மா தானா முழிச்சுப் பாக்கும்னு நெனச்சேன்.”

“வலிக்கலையா?”

“வலிச்சுச்சு. அழுதா முழிச்சிரும்னு பாவாடைய வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டேன்.”

நாகஜோதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷாஹினா மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இப்பயும் அதான் மேடம்,” என்றாள் பிள்ளை. குரல் அதே குசுகுசுப்புத்தான், நாங்கள் கற்றுக்கொடுத்த குரல். “ஆனியிலருந்து நான் தூங்கல. முழிச்சுக்கிட்டுத்தான் படுத்துருந்தேன். அப்பா செருப்பக் கழட்டிட்டுப் போகும். அம்மா துணி விரிச்சுக் குண்டான வைக்கும். எல்லாரும் மெல்லமா மெல்லமா நடந்து போயிருவாக. யாராச்சும் வந்து எழுப்புவாகன்னு பாத்தேன். ஒருத்தரும் எழுப்பல.” திரும்பி என்னைப் பார்த்தாள். “பெரியம்மா மட்டும் ஒருநாப் பாத்துச்சு. அதுவும் போயிருச்சு.”

என் தலையில் யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தது போல இருந்தது. இத்தனை வருடம் இந்த வாயை வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழித்தேன்?

பாண்டியராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

“அப்ப நாங்கதான் கொலகாரங்களா? யாருக்காக ஓடுறோம்? பதினெட்டு வருசமா நானும் இவளும் ஒரே பாயில படுத்து எந்திரிச்சது எத்தன நாளுன்னு எண்ணிச் சொல்லவா? எல்லாம் யாருக்கு?” என்றவன், மகள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று வெளியே போனான்.

நான் பின்னாலேயே போனேன். வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாயடியில் திரும்பி நின்றிருந்தான். தோள் குலுங்கியது. அழுகிறான், ஆனால் சத்தமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறான்.

“அப்பு,” என்றேன். “சத்தம் போட்டு அழுகுறதுன்னா அழுதுருடா. இது ஆஸ்பத்திரி. ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

“வர மாட்டேங்குதுக்கா,” என்றான்.

அவன் திரும்பி உள்ளே வந்தபோது நாகஜோதி தரையில் உட்கார்ந்து மகளின் வளைந்த கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். “எழுப்பியிருக்கலாமேடி, எழுப்பியிருக்கலாமே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எழுப்பியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கை ஒடிவதற்கு முந்தின வருசம் ஒருதடவை, இவள் தூங்கும்போது பலூன் வெடித்ததற்கு அந்தப் பிள்ளை வாங்கிய அடி என் வீட்டுச் சுவரைத் தாண்டிக் கேட்டது.

ஷாஹினா மேடம் யாரையும் திட்டவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. ஒரே ஒரு வேலை கொடுத்தார்.

“காளீஸ்வரி, மனசு ரொம்ப மோசமா ஆகுற நேரம் உனக்குத் தெரியும். அப்ப அம்மாவோ அப்பாவோ தூங்கிட்டு இருந்தாலும் எழுப்பணும். நீங்க ரெண்டு பேரும் அவகிட்ட உங்க வாயால சொல்லுங்க, எழுப்பலாம்னு.”

“தூக்கம் கெட்டா விரல் போயிரும் மேடம்,” என்றான் பாண்டியராஜ். எதிர்த்துச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான்.

“எழுப்புன அன்னைக்கு வேலைக்குப் போகாதீங்க. நான் லெட்டர் தர்றேன், ஷிப்டு மாத்தித் தரச் சொல்லி.”

“எழுப்புடி,” என்றாள் நாகஜோதி தரையிலிருந்து. “எந்நேரம்னாலும் எழுப்பு. ஏம் மேல சத்தியமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“ம்,” என்றாள் பிள்ளை.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாகஜோதி ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை மகளை எழுப்ப ஆரம்பித்தாள். “காளீசு, என்னடி செய்யுது? தூங்குறியா, முழிச்சிருக்கியா?” படிக்கிற பிள்ளையைப் போய், “மனசு எப்படி இருக்கு?” என்று, தலைவலி மாதிரி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “சும்மா சும்மா வந்து கேக்காதம்மா,” என்று பிள்ளை கத்தினாள். நிஜமாகவே கத்தினாள். எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை போட்டு நான் கேட்ட முதல் சத்தம்.

மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒருவேளையாவது சாப்பிட வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். ஷிப்டு மாறுகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் அது வாய்த்தது. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுக் குழம்பு, அவரைக்காய் வெஞ்சனம், நான் அப்பளம் பொரித்துக் கொடுத்தேன். மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்துவிட்டு என்ன பேசுவதென்று தெரியாமல் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உப்பு சரியா இருக்காங்க?” என்று நாகஜோதி புருசனைக் கேட்டாள்.

“இருக்கு, இருக்கு. ஒனக்கு இருக்கா?” என்று அவன் மகளைக் கேட்டான்.

“யாரோ சம்பந்தக்காரக வீட்டுல சாப்புடுற மாதிரி இருக்குப்பா,” என்றாள் அவள். பாண்டியராஜ் சிரித்தான். நாகஜோதி சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிள்ளை பாதிச் சோறு சாப்பிட்டாள்.

இதெல்லாம் நடந்தது. ஆனால் ஒன்று மட்டும் நடக்கவில்லை. வியாழக்கிழமை தவறாமல் ஷாஹினா மேடம் கேட்பார்.

“இந்த வாரம் எழுப்புனியாம்மா?”

“இல்ல.”

“மனசு மோசமா இருந்துச்சா?”

“இருந்துச்சு. ரெண்டு நாளு.”

“ஏன் எழுப்பல?”

“தூங்கிட்டு இருந்துச்சு.”

வேறென்ன சொல்லுவாள்? பேச்சு வருவதற்கு முந்தியே நாங்கள் கற்றுக்கொடுத்தது அது. மேடம் அதற்கும் கோபப்படவில்லை. டைரியில் குறித்துக்கொண்டு, “சரிம்மா, அடுத்த வாரம் பாப்போம்,” என்பார். நாகஜோதிக்குத்தான் ஒவ்வொரு வியாழனும் முகம் செத்துப்போகும். தூங்கவே பயமாக இருக்கிறதென்று என்னிடம் சொன்னாள். “நான் தூங்குறப்ப அவ பாட்டுக்கு...” என்று ஆரம்பிப்பாள், முடிக்க மாட்டாள். ஆனால் எட்டு மணி நேரம் நின்று, நடந்து, நூல் அறுந்த இடமெல்லாம் ஓடி ஓடி ஒட்டிய உடம்பு, பாயைக் கண்டால் விழுந்துவிடும். அதை என்ன செய்வது?

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் அதிசயமாக மூன்று நாள் விடாமல் தூறல். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். பாண்டியராஜ் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான். நாகஜோதி முழு நைட் முடித்து வந்து, ரசம் வைத்து இறக்கிவிட்டுப் படுத்துவிட்டாள். பன்னிரண்டு மணி இருக்கும். கடையில் யாவாரம் இல்லை. வீட்டில் குக்கரில் பருப்பு வைத்துவிட்டு, விசில் வருவதற்குள் இறக்க வேண்டுமே என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் காளீஸ்வரி நின்றாள். தலையில் தூறல் விழுந்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

“பெரியம்மா.”

“என்ன ஆத்தா?”

“அம்மா தூங்குது.”

அவ்வளவுதான் சொன்னாள். கை இரண்டும் பாவாடையை இறுக்கிப் பிடித்திருந்தன. எனக்கு எல்லாம் விளங்கியது. ‘உள்ள வா, இங்கன படு, செத்த நேரத்துல அம்மா எந்திரிச்சிரும்’ என்று சொல்லத்தான் என் நாக்கு துடித்தது. இத்தனை வருசத்துப் பழக்கம் சும்மா விடுமா? காப்பி போட்டுக் கொடுக்கலாம், கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், நாகஜோதி பாவம், தூங்கட்டும். எல்லாம் நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம்தான் அந்தப் பிள்ளையை இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

“போயி எழுப்பு,” என்றேன்.

“முழு நைட்டு பாத்துட்டு வந்துருக்கு பெரியம்மா. இப்பத்தான் கண்ணசந்துச்சு.”

“எழுப்புடி.”

“பாவம் பெரியம்மா.”

“நீ பாவமில்லையா? போ. நான் இங்கனயே வாசல்ல நிக்கிறேன்.”

அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போய் அவள் வீட்டு நிலைப்படியில் நின்றேன். உள்ளே நாகஜோதி சுருண்டு படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முடியில் பஞ்சு. பிள்ளை அம்மாவின் காலடியில் போய் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஓட்டு இடுக்கிலிருந்து சொட்டுத் தண்ணீர் அவள் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது, நகரவில்லை. குனிந்து கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள், மறுபடி இழுத்துக்கொண்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். நானே போய் உலுக்கி எழுப்பிவிடலாம். என் கால் பரபரத்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கோட்டை மாரியாத்தா, இந்தப் பிள்ளை கைக்கு ஒரு தெம்பைக் கொடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தடவை அவள் குனிந்து அம்மாவின் கால் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

நாகஜோதி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். கண் திறக்கவில்லை, அதற்குள் இரண்டு கையும் பின்னால் போய் முடியை அள்ளிக் கொண்டை போட்டன. “வண்டி வந்துருச்சா? இந்தா வாரேன், இந்தா வாரேன்... மில்லுத் தொப்பிய எங்க வச்சேன்...” என்று பாயைத் தடவினாள். எழுந்து நிற்கப் பார்த்து, கால் மடங்கி, மறுபடி உட்கார்ந்தாள்.

“வண்டி வரலம்மா,” என்றாள் பிள்ளை. “நாந்தான்.”

நாகஜோதி கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

“என்னடி?”

“முடியலம்மா. காலைலருந்து... ரொம்ப மோசமா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு.”

நாகஜோதியின் கண் மகளின் முகத்திலிருந்து இறங்கி, சொட்டு விழுந்து விழுந்து நனைந்து வெளுத்திருந்த அந்தப் பாதத்தில் வந்து நின்றது.

“எம்புட்டு நேரமாடி நிக்கிற?”

பழைய பதில் அந்தப் பிள்ளையின் உதட்டுக்கு வந்ததை நான் பார்த்தேன். உதடு அசைந்து, பாதியில் நின்றது.

“ரொம்ப நேரமாம்மா,” என்றாள்.

நாகஜோதி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். எங்கள் வரிசையில் பகலில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நாலு வீட்டில் தூக்கம் கலைந்திருக்கும். கலைந்தால் கலையட்டும் என்று நான் வாசலிலேயே நின்றேன்.